இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

பதினாறு மரக்கட்டைகள் ஒன்றாக விழும் சத்தம்.

வடிவாம்பாள் அதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. மாயவரத்தில் அவள் படித்த பள்ளியின் புதுக் கட்டடத்துக்கு மாடித் தளம் போட்டார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் இரண்டு வரிசையாகக் குந்தியபடி கட்டையால் தட்டி இறுக்கினார்கள். ஒருத்தி பாட்டெடுப்பாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டு மூச்சு விடும் இடத்தில் கட்டை விழும். பழைய கட்டடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஈரெட்டுப் பதினாறு என்று முடித்த இடத்திலும் கட்டைகள் விழுந்தன.

அப்புறம் கான்கிரீட் வந்தது. அந்தச் சத்தத்தை அவள் மறுபடி எங்கும் கேட்கவில்லை.

தபால் நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டு கடிதம் பிரித்தாள். அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தாள். ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தளம் தட்டும் பெண்களின் பாட்டைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தாள். வீட்டில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய நெறியாளர் நச்செள்ளை அவளைவிடப் பதினொரு வயது இளையவர். தமிழ்த் துறையில் ஆசிரியரை ‘அம்மா’ என்றுதான் அழைப்பது வழக்கம். வயதில் மூத்த மாணவியை நச்செள்ளையும் ‘அம்மா’ என்றே அழைத்தார். இரண்டு பேரும் மாறி மாறி அம்மா போட்டுக்கொள்வதைக் கேட்டுத் துறையின் அலுவலக உதவியாளர் தங்கப்பழம், “இந்த ரூம்ல பிள்ளைன்னு ஒருத்தரும் கிடையாதா?” என்பார்.

பதிவு செய்து ஏழு ஆண்டு ஆகிவிட்டது. கேட்கக்கூடிய நீட்டிப்பெல்லாம் கேட்டு முடித்தாயிற்று. அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. நாற்பத்திரண்டு நாள் இருந்தபோது வடிவாம்பாள் கட்டுத் தாள்களோடு நச்செள்ளையின் அறைக்கு வந்தாள்.

“எழுதி முடிச்சாச்சும்மா. துணைநூற்பட்டியல் ஒண்ணுதான் பாக்கி. அதை எப்படிச் சரியா போடறதுன்னு சொல்லிட்டீங்கன்னா கொடுத்துடுவேன்.”

“போட்டுத்தானே கொண்டு வந்திருக்கீங்க.”

“சந்தேகம் இருக்கும்மா. ஆசிரியர் பேருக்கு அப்புறம் காற்புள்ளிங்கறார் ஒருத்தர். முற்றுப்புள்ளிங்கறார் இன்னொருத்தர். ஆண்டு முன்னாடி வரணுமா, கடைசியிலயா? நூல் பேரைச் சாய்க்கணுமா, தடிக்கணுமா? முனைவர், புலவர் எல்லாம் சேக்கணுமா?”

“பட்டம் வேண்டாம். பட்டியல்ல எல்லாரும் வெறும் பேர்தான். மத்ததுக்கு ஏதாவது ஒரு முறையைப் பிடிச்சுக்குங்க. பிடிச்சதைக் கடைசி வரைக்கும் விடாதீங்க.”

“அவ்வளவுதானா?”

நச்செள்ளை பட்டியலை வாங்கிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு நூல்கள். மேசை இழுப்பறையைத் திறந்து ஒயிட்னர் புட்டியை எடுத்தார். குலுக்கினார். முதல் நூலின் விவரம் முடிகிற இடத்தில் இருந்த முற்றுப்புள்ளியின் மேல் ஒரு சொட்டு வைத்தார். புள்ளி மறைந்தது. இரண்டாவதற்கு வந்தார். மூன்றாவதற்கு வந்தார்.

வடிவாம்பாள் நின்றுகொண்டே பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டும் மறைய அரை மணி நேரம் ஆயிற்று. இடையில் தங்கப்பழம் டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போயிற்று.

“காயட்டும்” என்றார் நச்செள்ளை. “காஞ்சதும் எடுத்துட்டுப் போங்க. கையால தொட்டுப் பாத்த நூலுக்கு மட்டும் நீங்களே பேனாவால புள்ளி வைங்க. இதுதான் முறை.”

“எல்லாத்தையும் படிச்சவதாம்மா நான்.”

“படிச்சதைச் சொல்லலை. தொட்டதைச் சொல்றேன்.”

“தொட முடியாத நூலா இருந்தா?”

“தொட்டவங்க யாரோ அவங்க கையைப் பிடிச்சுக்குங்க. ‘இன்னார் வழி’ன்னு எழுதுங்க. ஆனா, அவங்க தொட்டாங்களான்னு கேட்டுக்குங்க.”

வெளியே வந்தபோது தங்கப்பழம் பட்டியலை எட்டிப் பார்த்தார். “உங்களுக்கும் வெள்ளை அடிச்சுட்டாங்களா? கவலைப்படாதீங்க. முன்னாடி ஏழு பேருக்கும் இதேதான். ஒரே வாரத்துல புள்ளி வெச்சுக் கொண்டுவந்துட்டாங்க.”

“ஒரு வாரத்துலயா?”

“புள்ளி வைக்க எம்மா நேரம் ஆவும்?”

வடிவாம்பாள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டியலை மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாக இருந்தது. தபால் நிலையத்தில் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. ‘முகவரி போதாது.’ அதை அவள் ஆயிரக்கணக்கில் குத்தியிருக்கிறாள். தன் தாளிலேயே குத்த வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

மறுநாள் காலை வீட்டு அலமாரியிலிருந்து தொடங்கினாள்.

வீட்டில் தொண்ணூறு. துறை நூலகத்தில் அறுபத்து மூன்று. தொடத் தொடத் தவறுகள் வெளியே வந்தன. பன்னிரண்டு நூல்களுக்கு ஆண்டு தவறு. ஒரு பதிப்பகத்தை மதுரையிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்த்திருந்தாள். ஒரு நூலாசிரியரின் தலைப்பெழுத்தை மாற்றிப் போட்டு அவருக்கு வேறொரு அப்பாவைக் கொடுத்திருந்தாள். அந்த ஆசிரியர் பெயருக்கு எதிரே சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு அப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புள்ளி வைத்தாள்.

தஞ்சாவூருக்குப் போனாள். திருச்சிக்குப் போனாள். ஒரு நூலுக்காக இரவல் வாங்கிப் போனவரின் வீட்டு வாசலில் மழையில் நின்றாள். “திருப்பிக் கொடுக்கத்தான் இருந்தேன்” என்றார் அவர், பதினான்கு ஆண்டாக வைத்திருந்தவர்.

முப்பதாம் நாள் இருநூற்றுப் பதினொரு புள்ளி விழுந்திருந்தது. ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது.

அடைக்கலம், சா., சுண்ணாம்புத் தளப் பாடல்கள், மன்னார்குடி, 1958

அதன் மேல்தான் அவளுடைய மூன்றாம் அத்தியாயம் நின்றது. அடைக்கலம் என்பவர் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். தளம் தட்டும் பாட்டுகளை முதலில் தொகுத்தவர். அவர் சொன்னதாகத் தமிழ்த் துறையில் எல்லாரும் எழுதுகிற வரி ஒன்று உண்டு: ‘தளப் பாடல்களை மேஸ்திரிகளே கட்டிக் கொடுத்தனர், பெண்கள் ஏற்றுப் பாடினர். ப. 214.’

வடிவாம்பாள் அந்த வரியை நச்செள்ளையின் ஆய்வேட்டிலிருந்து எடுத்தாள். அடிக்குறிப்பில் நச்செள்ளையைச் சொல்லவில்லை. அடைக்கலத்தைச் சொன்னாள். துறையில் அதுதான் வழக்கம். எடுத்த இடத்தைச் சொல்வதில்லை. அந்த இடம் கைகாட்டுகிற இடத்தைச் சொல்வார்கள். நேரே அங்கிருந்தே எடுத்த மாதிரி இருக்கும்.

அந்த வரியை நம்பி அவள் இன்னொன்றும் செய்திருந்தாள்.

இரண்டு ஆண்டுக்கு முன் நீடாமங்கலத்தில் சந்தனமேரி என்பவளைப் பார்க்கப் போயிருந்தாள். சந்தனமேரி இருபது வயதிலிருந்து தளம் தட்டியவள். இப்போது கண் சரியாகத் தெரியாது. குரல் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, ஒரு விறகுக் கட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு பாடினாள்.

தட்டத் தட்டத் தளம் இறுகும்
தண்ணி பட்டா கை இளகும்
மேல ஒரு வீடெழும்பும்
மேஸ்திரிக்குப் பேர் வெளங்கும்

“யார் கட்டின பாட்டு இது?” என்று வடிவாம்பாள் கேட்டாள்.

“நான் கட்டினது.”

“மேஸ்திரிங்கதான் கட்டிக் கொடுத்தாங்கன்னு புத்தகத்துல இருக்கே?”

“அப்புடியா? அப்ப பொஸ்தகத்தையே பாடச் சொல்லு, போஸ்டாபீசம்மா” என்று சொல்லிச் சந்தனமேரி கட்டையை அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் பாடவில்லை.

வடிவாம்பாள் அத்தியாயத்தில் எழுதினாள்: ‘தகவலாளியின் கூற்று நூற்சான்றுடன் பொருந்தவில்லை.’ கடைசி அடிக்கும் ஒரு விளக்கம் எழுதினாள்: ‘மேஸ்திரி தம்மைத் தாமே புகழ்ந்து கட்டிய அடி இது.’

இப்போது அந்த நூற்சான்றைத் தொட வேண்டும். நூலகங்களில் விவர அட்டை இருந்தது, நூல் இல்லை. பன்னிரண்டு நாள்தான் மிச்சம்.

“ஒரு புள்ளிதானேம்மா” என்றார் தங்கப்பழம். “வெச்சுட்டுப் போங்க. யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறா?”

“நான் பாப்பேன்ல.”

அவள் மன்னார்குடி தபால்காரர் புண்ணியகோடிக்குப் போன் செய்தாள். பழைய சிநேகம். முகவரி சரியில்லாத கடிதத்தையும் மூக்கால் மோந்தே கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்று பெயர்.

“ஓவர்சியர் அடைக்கலமா? அவரு போய் நாப்பது வருஷம் ஆச்சு. வீட்டை இடிச்சு நகைக்கடை வந்துருச்சு. இருங்க, கொத்தனார் சங்கத்துல ஒரு பீரோ கிடக்கு. அதுல அவரு கொடுத்த தாளெல்லாம் இருக்கும்பாங்க. கரையான் விட்டு வெச்சிருந்தா உங்க அதிர்ஷ்டம்.”

மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கத்தின் வாசலில் நின்றாள். செயலாளர் கலியமூர்த்தி கையில் சிமென்ட் ஒட்டியபடி வந்தார்.

“புஸ்தகமா? இங்க வந்து கடப்பாரை கேட்டிருக்காங்க, கரண்டி கேட்டிருக்காங்க. புஸ்தகம் கேட்ட மொத ஆளு நீங்கதாம்மா.”

பீரோ சாவி கிடைக்கவில்லை. அவர் கடப்பாரையே கொண்டுவந்து கதவை நெம்பினார். ரசீதுக் கட்டுகளுக்கும் மாநாட்டு நோட்டீஸ்களுக்கும் அடியில் பழுப்பு அட்டை போட்ட ஒரு நூல். சுண்ணாம்புத் தளப் பாடல்கள். ஒல்லியாக இருந்தது.

வடிவாம்பாள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். பட்டியலை எடுத்து, பேனா மூடியைத் திறந்தாள். புள்ளி வைக்குமுன், பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று நூலைத் திறந்தாள்.

கடைசிப் பக்கத்தின் எண் 176.

அவள் நூலை மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

“பின்னாடி கிழிஞ்சு போயிருக்குமாங்க?”

கலியமூர்த்தி வாங்கிப் பார்த்தார். “தையல் போட்ட புஸ்தகம்மா. ஒரு தாள் போனா இன்னொரு தாளும் கூடவே வந்துரும். இதுல ஒண்ணும் போவலை. பாருங்க, கடைசில ‘முற்றும்’னு போட்டிருக்கு.”

“ரெண்டாம் பதிப்பு வந்திருக்குமோ?”

“மொத பதிப்பே விக்கலைன்னு எங்கப்பா சொல்வாரு. முந்நூறு போட்டாராம். பாதியைப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துட்டாங்களாம்.”

அங்கேயே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். கலியமூர்த்தி வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. வடையும் டீயும் வைத்துவிட்டுப் போனார். நூற்று எழுபத்தாறு பக்கத்திலும் அந்த வரி இல்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் இது இருந்தது:

‘நீடாமங்கலத்து ரைஸ் மில் தளத்தில் இப்பாட்டுகளைக் கேட்டேன். கட்டியவர் யார் என்று வினவினேன். “வேற யாரு, நாங்கதான்” என்று சிரித்தார்கள். அவர்களுடைய பெயர்களைக் குறித்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அது என் குறை.’

வடிவாம்பாள் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள். பிறகு பட்டியலில் அடைக்கலத்துக்கு எதிரே புள்ளி வைத்தாள். இருநூற்றுப் பதினான்கு என்ற எண்ணை அவள் எங்கே பார்த்தாள் என்பது அவளுக்குத் தெரியும்.

நாற்பத்தோராம் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் நீடாமங்கலத்தில் இறங்கினாள்.

சந்தனமேரி காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். “யாரு, போஸ்டாபீசம்மாவா? என்ன, பொஸ்தகம் பாடிருச்சா?”

“புத்தகமும் நீங்கதான்னு சொல்லுதும்மா.”

“இப்பத்தான் அதுக்குத் தெரிஞ்சுதாக்கும்.”

“ரைஸ் மில் தளத்துல ஒருத்தர் வந்து பாட்டு எழுதிக்கிட்டாரா? ஓவர்சியர்?”

“கொடை பிடிச்சுக்கிட்டு ஒருத்தரு வந்தாரு. நெத்தியில வேர்வை ஒழுக ஒழுக எழுதினாரு. பாட்டக் கேட்டாரு, வெத்தலை கேட்டாரு. பேரைக் கேக்கல.”

வடிவாம்பாள் நோட்டைத் திறந்தாள். “நான் கேக்கறேன். உங்க முழுப் பேரு, அப்பா பேரு, அன்னைக்குக் கூடத் தட்டினவங்க பேரு. எல்லாம் சொல்லுங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“செத்தவங்க பேரு?”

“அதையும்.”

சந்தனமேரி விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினாள். பதினொரு பேர் வந்தார்கள். பன்னிரண்டாவது பெயர் நினைவுக்கு வரவில்லை. “மாறுகண்ணு. நல்லாப் பாடுவா. அய்யோ, அவ பேரு...” என்று நெற்றியைத் தட்டிக்கொண்டாள். வடிவாம்பாள் கடைசிப் பேருந்து வரை காத்திருந்தாள். பெயர் வரவில்லை.

மறுநாள் துறை நூலகத்தில் ஆய்வேடுகளை வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தாள். நச்செள்ளையிடம் படித்த ஏழு பேரும் அந்த வரியை எழுதியிருந்தார்கள். ஆறு பேர் ப. 214 என்று போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் ப. 241 என்று மாற்றிப் போட்டிருந்தார். நச்செள்ளையின் ஏட்டுக்கு முந்திய எந்த ஏட்டிலும் அந்த வரி இல்லை. இருபத்தொரு ஆண்டுக்கு முன் தட்டச்சு செய்த அந்த ஏட்டின் நூற்று முப்பத்தோராம் பக்கத்தில்தான் அது முதல்முதலாக வந்தது.

நெறியாளர் கையெழுத்து இல்லாமல் ஏடு நகராது. இத்தனை குறைந்த நாளில் வேறு நெறியாளரைத் தேடவும் முடியாது. அடுத்த வாரம் நச்செள்ளைக்குப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு நேர்காணல் என்று துறை முழுக்கப் பேச்சு. தங்கப்பழம் இனிப்புக் கடைக்கே சொல்லி வைத்துவிட்டார்.

வடிவாம்பாள் ஐந்து நாள் உட்கார்ந்து மூன்றாம் அத்தியாயத்தை அடியோடு மாற்றி எழுதினாள். பாட்டுகளுக்குக் கீழே கட்டியவர் என்று சந்தனமேரியின் பெயர் வந்தது. கூடத் தட்டிய பதினொரு பேர் வந்தார்கள். பன்னிரண்டாவது ஆளுக்கு ‘பெயர் தெரியவில்லை’ என்று வந்தது. மேஸ்திரி தம்மைப் புகழ்ந்துகொண்ட விளக்கத்தை அடித்தாள். மேஸ்திரிகள் கட்டிக் கொடுத்தார்கள் என்ற வரியையும் அடித்தாள். அடித்துவிட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் மிச்சமிருந்தபோது நச்செள்ளையின் அறைக்குப் போனாள். பட்டியலை மேசையில் வைத்தாள். நச்செள்ளை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இருநூத்திப் பன்னிரண்டும் வெச்சிருக்கீங்க.”

“தொட்டுட்டுத்தான் வெச்சேம்மா.”

“அடைக்கலத்தையுமா?”

வடிவாம்பாள் பையைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தின் ஜெராக்ஸை எடுத்துப் பட்டியல் மேல் வைத்தாள். மூலையில் 176 தெளிவாகத் தெரிந்தது.

நச்செள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

“இருநூத்திப் பதினாலு என் விடுதி அறை எண்” என்றார்.

வடிவாம்பாள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“மேஸ்திரிதான் பாட்டுக் கட்டினான்னு எங்க ஐயா வகுப்புல சொன்னார். எந்த நூல்ல ஐயான்னு கேட்டேன். அடைக்கலத்துல இருக்கும்னு நினைக்கிறேன்னார். நான் அந்த ‘நினைக்கிறேனை’ விட்டுட்டேன். ஏட்டைக் கொடுக்கற அன்னைக்கு டைப் அடிக்கறவர் பக்க எண் கேட்டார். அது இல்லாம அடிக்குறிப்பு நிக்காதுன்னார். கையில அறைச் சாவி இருந்துச்சு. சாவியில ஒரு எண் இருந்துச்சு.”

“நூலைப் பாக்கவே இல்லையாம்மா?”

“இல்லை.”

“தெரிஞ்சேதான் என்னை அனுப்புனீங்களா?”

“ஏழு பேரை அனுப்பினேன். ஒவ்வொருத்தர் பட்டியலும் திரும்பி வர்றப்ப அந்த ஒரு நூலைத்தான் முதல்ல பாப்பேன். எல்லார் பட்டியல்லயும் புள்ளி இருந்துச்சு. நானும் கையெழுத்துப் போட்டேன்.”

“நீங்களே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லியிருக்கலாம்.”

வடிவாம்பாள் நாற்பத்தோராம் பக்கத்தையும் எடுத்து வைத்தாள். நச்செள்ளை படித்தார். ‘அது என் குறை’ என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றது.

“சந்தனமேரி உயிரோட இருக்காங்களா?”

“இருக்காங்கம்மா. நல்லாத் திட்டறாங்க.”

நச்செள்ளை லேசாகச் சிரித்தார். வடிவாம்பாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அத்தியாயத்தை மாத்தி எழுதிட்டேம்மா. அந்த வரியையே எடுத்தாச்சு. உங்க ஏட்டைப் பத்தி ஒரு பேச்சும் இல்லை. இது இந்த ரூமோட போகட்டும்.”

“இந்த வரியை நீங்க எங்க பாத்தீங்க?”

“உங்க ஏட்டுலதான்.”

“அது பட்டியல்ல இருக்கா?”

“இல்லம்மா.”

“உங்க ஏட்டுலேருந்து வரியை எடுத்துட்டீங்க. மத்த ஏழுலயும் அது அப்படியே இருக்கு. நாளைக்கு ஒன்பதாவதா ஒரு பொண்ணு வருவா.”

வடிவாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நச்செள்ளை ஏட்டின் முன் தாள்களைப் புரட்டி நெறியாளர் சான்றிதழை எடுத்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். துறை முத்திரையை மையில் ஒற்றி அழுத்தினார். தாளை வடிவாம்பாளின் பக்கம் தள்ளினார்.

“இது உங்க கையில வந்தாச்சு. இனி யாருக்கும் பயப்பட வேண்டாம். அடிக்குறிப்பு சொல்றேன், எழுதுங்க.”

வடிவாம்பாள் பேனாவை எடுத்தாள்.

“தளப் பாடல்களை மேஸ்திரிகள் கட்டினர் என்ற கருத்து முதலில் காணப்படும் இடம்: நச்செள்ளை, தி., அச்சிடப்படாத முனைவர் பட்ட ஆய்வேடு, 1994, ப. 131. அங்குச் சான்றாகக் காட்டப்பட்ட பக்கம் அடைக்கலத்தின் நூலில் இல்லை. நூல் 176 பக்கங்களே உடையது. நாற்பத்தோராம் பக்கம் இதற்கு நேர்மாறாகக் கூறுகிறது.”

பேனா முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

“அடுத்த வாரம் நேர்காணல்மா.”

“தெரியும்.”

“இதை யாராவது எடுத்துட்டுப் போய் அங்க காட்டினா?”

“நானே எடுத்துட்டுப் போறேன்.”

“தங்கப்பழம் ஸ்வீட் கடைக்கே சொல்லிட்டாரும்மா.”

“உங்க வாய்மொழித் தேர்வுக்கு வெச்சுக்கச் சொல்லுங்க. எழுதுங்க.”

வடிவாம்பாள் எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. ஒரு வரியை அடித்துத் திருப்பி எழுதினாள். எழுதியதை நச்செள்ளை வாங்கிப் படித்தார். ‘அங்குச் சான்றாகக் காட்டப்பட்ட’ என்பதற்குப் பதிலாக அவள் ‘தவறுதலாகக் காட்டப்பட்ட’ என்று எழுதியிருந்தாள். நச்செள்ளை ‘தவறுதலாக’ என்பதை அடித்தார்.

“தவறுதலா நடக்கல” என்றார்.

வடிவாம்பாள் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருநூற்றுப் பதின்மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பேனாவைத் தாள் மேல் வைத்தாள். எடுத்தாள். மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள்.

“நன்றியுரையில உங்க பேரைத்தாம்மா முதல்ல போட்டிருக்கேன்” என்றாள். “இங்க உங்களை எந்த இடத்துல போடறது?”

“அகரவரிசையில எங்க வருதோ, அங்க.”

வடிவாம்பாளுக்கு மறு ஆண்டு பட்டம் கிடைத்தது. நச்செள்ளை இணைப் பேராசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றார்.